ஒயின் கைடும் சீனியர் ரெக்கார்டு நோட்டும்

முதலிலேயே ஒரு பாவத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன வருடம் பெங்களூரில் ஒரு வீட்டு விருந்தில் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

அண்ணனின் அலுவலக நண்பர்கள் பத்துப் பேர். வீட்டுக்காரர் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். "சுத்திட்டு மோந்து பாருங்க, என்ன வருதுன்னு சொல்லுங்க" என்றார். ஒவ்வொருவரும் கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டார்கள். என் முறை வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு ஒயின் வாசனைதான் வந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஆரம்பநிலை ஒயின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்திருந்தேன். பாட்டிலில் 'கேபர்னே சோவிஞ்ஞோன்' என்று போட்டிருந்தது. அந்தத் திராட்சைக்கு அந்தப் புத்தகத்தில் முதலாவதாக இருந்த வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது.

"பிளாக்கரன்ட்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் "கரெக்ட்!" என்றே சொல்லிவிட்டான்.

நான் அதுவரை பிளாக்கரன்ட் என்ற பழத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்றுவரை பார்த்ததில்லை.

நம்மூரில் 'ஒயின் ஷாப்' என்றால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கும் கடை என்று பழகி வளர்ந்தவன் நான். ஒயின் எனக்கு அந்நியம். ஆனால் அந்தப் பொய் மட்டும் அந்நியமாக இல்லை. எங்கேயோ செய்த வேலை மாதிரியே இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போதுதான் பிடிபட்டது. நம் கெமிஸ்ட்ரி லேப்!

நம் வகுப்பு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டைட்ரேஷன் செய்யும் முன்பே விடை எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் சீனியரின் ரெக்கார்டு நோட்டு கையில் இருக்கும். பியூரெட்டில் எந்த அளவு வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த அளவு வரும்வரை நிறம் மாறவில்லை என்று கண்ணை நம்ப வைப்போம். அந்த அளவு வந்ததும் நிறம் 'மாறிவிடும்'. பத்துக்குப் பத்து மார்க்.

ஆரம்பநிலை ஒயின் கையேடும் இப்படி ஒரு சீனியர் ரெக்கார்டு நோட்டுதான் என்பது என் குற்றச்சாட்டு. சோதனை செய்யக் கற்றுக்கொடுக்காமல் விடையை மட்டும் கொடுக்கிறது. படித்து முடித்தவனுக்கு ஒயின் தெரியாது, ஒயினைப் பற்றி என்ன சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார் என்பது மட்டும் தெரியும். எந்தப் புத்தகம் என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும். அதற்குப் பிறகு இன்னும் நான்கைந்து புரட்டிப் பார்த்தேன். அட்டைதான் வேறு, சமாச்சாரம் ஒன்றுதான்.

பல்லி விழும் பலன்

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் முதல் அத்தியாயம் ஒரே மாதிரி இருக்கும். "ஒயின் எளிமையானது. பயப்படாதீர்கள். உங்களுக்குப் பிடித்ததுதான் நல்ல ஒயின்." படிக்கவே இதமாக இருக்கும்.

இரண்டாம் அத்தியாயத்தில் கோப்பையைத் தண்டில்தான் பிடிக்க வேண்டும் என்று வரும். மூன்றாவதில் எந்த ஒயினுக்கு எத்தனை டிகிரி. நான்காவதில் எந்த ஒயினுக்கு எந்த வடிவக் கோப்பை. அப்புறம் பரிசாரகர் கார்க்கை நீட்டினால் என்ன செய்வது, மீனுக்கு எது, ஆட்டுக்கறிக்கு எது, எந்த வருடம் நல்ல வருடம்...

பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் பல்லி விழும் பலன் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தலையில் விழுந்தால் இது, இடது தோளில் விழுந்தால் அது. அதைப் படிக்கும்வரை பல்லி வெறும் பல்லி. படித்த பிறகு சுவரைப் பார்த்தாலே பயம். ஒயின் கையேடு எனக்குச் செய்ததும் அதுதான். அதைத் திறக்கும்வரை எனக்கு ஒயினைப் பற்றி ஒரு பயமும் இருந்ததில்லை. மூடியபோது, ஒரு கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் இத்தனை தப்பு செய்ய முடியுமா என்று திகிலாகிவிட்டது. நோயையும் கொடுத்து மருந்தையும் விற்பது நல்ல வியாபாரம், ஒப்புக்கொள்கிறேன்.

இதில் அறிவியல் வேஷம் வேறு. நுனிநாக்கில் இனிப்பு, ஓரங்களில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று நாக்கைப் பாகப்பிரிவினை செய்யும் படம் ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் 'இந்தக் கோப்பை ஒயினை நாக்கின் சரியான இடத்தில் சேர்க்கும்' என்று கோப்பை விற்றார்கள். அந்தப் படத்தின் மூலம் 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் செய்த ஆய்வு. இடத்துக்கு இடம் மிகச் சிறிய வித்தியாசம் இருப்பதாகத்தான் அவர் கண்டார். 1942இல் எட்வின் போரிங் என்ற உளவியல் பேராசிரியர் தன் புத்தகத்தில் அதை எடுத்துப் போட்ட விதத்தில் சிறிய வித்தியாசம் பெரிய எல்லைக்கோடாகிவிட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி சோதித்து வித்தியாசம் அற்பம் என்று காட்டினார். எல்லாச் சுவையும் நாக்கின் எல்லா ஓரத்திலும் தெரியும். நம்பிக்கை இல்லாவிட்டால் நுனிநாக்கில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் இருப்பதை யார் சோதிக்கிறார்கள்?

யார் வீட்டுத் தோட்டம்?

பிளாக்கரன்டுக்கு வருகிறேன். 'இங்கிலீஷ்காரன் அவன் ஊர்ப் பழத்தைச் சொல்கிறான், நமக்குத் தெரியாது, அவ்வளவுதானே' என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இதில் பெரிய வேடிக்கை இருக்கிறது. பைன் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய்க்குப் பிளாக்கரன்ட் செடி இடம் கொடுக்கிறது என்று அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை வளர்க்கத் தடை போட்டார்கள். மத்திய அரசு தடையை எடுத்தது 1966இல். நியூயார்க் மாநிலம் 2003இல்தான் எடுத்தது. ஆக, அந்தப் பழத்தை வாயில் போடாமலே வளர்ந்த தலைமுறைகள் அங்கே உண்டு. அவர்களுக்காக எழுதிய ஒயின் புத்தகங்களிலும் கேபர்னே என்றால் பிளாக்கரன்ட்தான்! சீனியர் எழுதினார், ஜூனியர் காப்பி அடித்தார், அவருடைய ஜூனியர் பெங்களூரில் என் உருவத்தில் உட்கார்ந்து "பிளாக்கரன்ட்" என்றார்.

நமக்கு இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. சோவிஞ்ஞோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினுக்கு 'கூஸ்பெர்ரி' வாசனை என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கூஸ்பெர்ரி என்றால் நம் ஆங்கில வாத்தியார் என்ன சொல்லிக்கொடுத்தார்? நெல்லிக்காய். உடனே நமக்குச் சந்தோஷம், தெரிந்த சாமான் ஒன்று கிடைத்துவிட்டது என்று. ஆனால் அவர்கள் சொல்லும் கூஸ்பெர்ரி பிளாக்கரன்டின் சித்தப்பா பிள்ளை, இரண்டும் ஒரே ரைபீஸ் இனம். நம் நெல்லிக்காய் ஃபில்லாந்தஸ் இனம், கீழாநெல்லிக்குச் சொந்தக்காரன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நெல்லிக்காயை மனசில் வைத்துக்கொண்டு ஒருவன் அந்தக் கோப்பையில் மூக்கை விட்டால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டே இருப்பான். கிடைக்காதபோது புத்தகத்தைச் சந்தேகப்பட மாட்டான், 'எனக்கு மூக்கு சரியில்லை' என்று முடிவுகட்டுவான். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காப்பி அடித்தால் என்ன ஆகும்?

"வார்த்தை எங்கிருந்து வந்தால் என்ன, பழகினால் மூக்கு பிடித்துக்கொள்ளும்" என்பீர்கள். மூக்கு எதைப் பிடித்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

பிரான்சின் போர்தோவில் மோரோ, புரோஷே, துபூர்தியே என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்த சோதனை 2001இல் வெளியானது. ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு (ஆம், ஒயினே பாடம்) முதலில் ஒரு வெள்ளை ஒயினும் ஒரு சிவப்பு ஒயினும் கொடுத்து வாசனையை விவரிக்கச் சொன்னார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினை இரண்டு கோப்பையில் கொடுத்தார்கள். ஒன்றில் மட்டும் வாசனை இல்லாத சிவப்புச் சாயம். சாயம் போட்ட வெள்ளை ஒயினுக்கு மாணவர்கள் சிவப்பு ஒயினின் வார்த்தைகளையே கொடுத்தார்கள். கண் சொன்னதை மூக்கு காப்பி அடித்தது. அவர்கள் முட்டாள்கள் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. 'சிவப்பு என்றால் இந்த வார்த்தைகள்' என்ற பட்டியல் மண்டையில் ஏறியிருந்தது.

விலையும் இதையே செய்கிறது. 2008இல் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் கலிபோர்னியாவில் 20 பேரை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்துக் குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். 90 டாலர் ஒயினையே ஒரு தடவை 90 டாலர் என்றும் இன்னொரு தடவை 10 டாலர் என்றும் சொன்னார்கள். 90 என்றபோது அதிகம் பிடித்தது. வாயால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை, இன்பத்தோடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதியும் அதிகம் வேலை செய்தது. விலை சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது.

சரி, அது மாணவர்கள், பொதுஜனம். நடுவர்கள்? ராபர்ட் ஹாட்ஜ்சன் என்று ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், தானே சிறிய அளவில் ஒயின் தயாரிப்பவர். ஒரே ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்குகிறது, இன்னொன்றில் ஒன்றும் வாங்குவதில்லையே என்று அவருக்குக் குழப்பம். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் போட்டியில் 2005 முதல் சோதனை நடத்தினார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை, மற்ற ஒயின்களுக்கு நடுவே, அதே நடுவருக்கு மூன்று தடவை கொடுத்தார்கள். 2008இல் முடிவை வெளியிட்டார். மூன்று தடவையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் சுமார் 10 சதவீதம் பேர்தான். இன்னொரு 10 சதவீதம் பேர் அதே ஒயினுக்கு ஒரு தடவை வெண்கலம், ஒரு தடவை தங்கம்!

இந்தப் பதக்கங்களையும் மதிப்பெண்களையும் பார்த்து வாங்கு என்றுதான் கையேடு நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

'எல்லாம் ஃபிராடு' கட்சிக்கும் நான் போகவில்லை

இவ்வளவு படித்ததும் ஒரு கூட்டம் குதூகலமாகக் கிளம்பும். "பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம். ஒயின் வாசனையாவது மண்ணாவது, எல்லாம் பணக்காரன் பீலா." இது இன்னொரு சோம்பேறித்தனம். ரெக்கார்டைக் காப்பி அடிப்பவனும், 'லேபே வேஸ்ட்' என்று கட் அடிப்பவனும் டைட்ரேஷன் செய்யாதவர்கள்தான்.

ஏனென்றால் அந்த வார்த்தைகளில் ஒரு பங்கு சுத்தமான வேதியியல். கேபர்னேயிலும் சோவிஞ்ஞோன் பிளாங்கிலும் குடமிளகாய் வாசனை என்பார்கள். அது கற்பனை இல்லை. மெத்தாக்ஸிபைரஸீன் என்ற வகைச் சேர்மம் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது, குடமிளகாயிலும் இருக்கிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். காய் பழுக்கப் பழுக்க அது குறையும். ஆக, அந்த வாசனை தூக்கலாக இருந்தால் பழம் சரியாகப் பழுக்கவில்லை என்று ஊகிக்கலாம். இது எவ்வளவு பெரிய தகவல்! சில வெள்ளை ஒயின்களில் வெண்ணெய் வாசனை வருவது டைஅசிட்டைலால். மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக்கும் பாக்டீரியாக்களின் வேலை அது, தயிர் உறைய வைக்கும் கூட்டத்தின் உறவுக்காரர்கள். பழைய ரீஸ்லிங்கில் வரும் மண்ணெண்ணெய் வாசனைக்கும் டிடிஎன் என்று தனிச் சேர்மம் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஷிராஸ் ஒயினின் மிளகு வாசனை. ரோட்டண்டோன் என்ற சேர்மம்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அறிவித்தார்கள். நம் ரசத்தில் போடும் மிளகின் வாசனைக்கும் அதேதான் முக்கியக் காரணம். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சோதித்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு அதிகமாகக் கலந்து கொடுத்தாலும், அந்த வாசனை தெரியவே இல்லை. அப்படியானால் ஒரே மேஜையில் ஒருவருக்கு மிளகு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்றால் இருவருமே உண்மை பேசுகிறார்கள்!

ஒரு ஆரம்பநிலைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி இது. "தம்பி, உனக்கு வராமலே போகலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை" என்று. நான் புரட்டிய ஒன்றிலும் இல்லை. அதற்குப் பதில் 'குடமிளகாய், மிளகு, நேர்த்தி, கம்பீரம், ஈரக் கல், பிளாக்கரன்ட்' என்று எல்லாம் ஒரே வரிசையில், நடுவில் வெறும் கமா. எது அளக்கக்கூடியது, எது உவமை, எது வெறும் ஜால்ரா என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. என் கோபம் எல்லாம் அந்தக் கமாவின் மேல்தான்.

சக்கரத்தை எடுத்தார்கள், செய்முறையை விட்டார்கள்

ஒழுங்காகச் செய்த ஆட்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற பேராசிரியை, 1984இல் தன் சகாக்களோடு ஒயின் வாசனைச் சொற்களை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். அதிலிருந்து வந்ததுதான் புகழ்பெற்ற வாசனைச் சக்கரம். நடுவில் பழம், பூ, காய்கறி, மரம் என்று பொதுச்சொல். வெளியே போகப் போகக் குறிப்பான சொல். 'நேர்த்தி', 'கம்பீரம்' மாதிரி ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும் சொற்களுக்கு அதில் இடமே கொடுக்கவில்லை.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரி தயாரிக்கச் செய்முறையும் கொடுத்தார்கள். சாதாரண ஒயினில் குடமிளகாய்த் துண்டு ஒன்றைக் கொஞ்ச நேரம் ஊற வை, எடுத்துவிடு, மோந்து பார், இதுதான் 'குடமிளகாய்' என்று நாம் சொல்வது. லேபில் ஸ்டாண்டர்டு சொல்யூஷன் என்போமே, அதுதான். பொருள் முதலில், பெயர் பிறகு.

ஆரம்பநிலைக் கையேடுகள் அந்த வண்ணச் சக்கரத்தை அழகாக அச்சடித்துக்கொண்டன. செய்முறையை மட்டும் நான் பார்த்த எதிலும் காணோம். பத்து ரூபாய் குடமிளகாயில் முடிகிற வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அடுத்த புத்தகத்தை யார் வாங்குவது?

"ஆரம்பத்தில் வார்த்தை வேண்டாமா? வார்த்தை இருந்தால்தானே கவனிக்க முடியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வார்த்தை வேண்டும். ஆனால் கல்யாணி ராகத்தை யாராவது 'மங்களகரமானது, கம்பீரமானது' என்று படித்துக் கற்றுக்கொண்டதுண்டா? பாட்டு வாத்தியார் முதலில் பாடுவார். நாலு தடவை காதில் விழுந்த பிறகு, இதுதான் கல்யாணி என்பார். கையேடு நம்மைக் காதை மூடிக்கொண்டு கல்யாணியை மனப்பாடம் செய்யச் சொல்கிறது.

நம்மிடம் இருந்த பாடம்

எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது எது தெரியுமா? நான் படித்த புத்தகம் டானின் என்ற சமாச்சாரத்தை விளக்க ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொள்கிறது. 'வாய் வறண்டுபோகும்... ஈறு இழுக்கும்... தேநீர்ப் பையைச் சப்பிப் பாருங்கள்...' ஆங்கிலத்தில் அதற்கு அன்றாடப் பேச்சில் சரியான சொல் இல்லாத கஷ்டம் அது. நானும் அடிக்கோடு போட்டுப் படித்தேன், மடையன்!

துவர்ப்பு. ஒரே வார்த்தை. அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ நறுக்கும் வீட்டில், பாக்கு மெல்லும் தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வழவழப்பு போய் வாய் இழுக்கிறது என்பது விளக்கம். நாவல்பழம் தின்று நாக்கு ஊதாவாகி வாய் இழுத்ததே, சிவப்பு ஒயினின் பாதிப் பாடம் அதுதான். நிறத்துக்கு ஆந்தோசயனின், இழுப்புக்கு டானின், இரண்டிலும் அதே இரண்டு சாமான்கள். கையில் இருந்த ஸ்டாண்டர்டு சொல்யூஷனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பார்த்திராத பழத்தின் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இன்னொன்று. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். ஒயின் புத்தகங்களில் 'ரோஜா மணம்' என்று சிலாகிக்கப்படும் மஸ்கட் குடும்பத்துப் பிள்ளை. அந்த மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் மாதிரியான டெர்பீன்கள். ஜெரானியால் ரோஜாவில் இருக்கிறது. லினலூல் நம் கொத்தமல்லி விதையின் முக்கிய வாசனை. இப்போது யோசியுங்கள். 'பன்னீர்' திராட்சை என்று பெயர் வைத்தவர் எந்தக் கையேட்டைப் படித்தார்? மோந்து பார்த்தார், ரோஜாப் பன்னீர் ஞாபகம் வந்தது, சொன்னார். வேதியியல் பின்னால் வந்து 'சரிதான் ஐயா' என்கிறது. தள்ளுவண்டியில் கால் கிலோ வாங்கித் தின்ற நாம் அந்த வாசனையை ஏற்கெனவே படித்து முடித்தவர்கள்.

இதை 'அந்தக் காலத்திலேயே எல்லாம் நம்மிடம் இருந்தது' என்ற பழம்பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு ஒயின் தெரியாது. ஆனால் மூக்கும் நாக்கும் இருக்கிறது, அவற்றுக்கு அனுபவமும் இருக்கிறது. ஒரு ஆரம்பநிலைப் புத்தகத்தின் வேலை அங்கிருந்து தொடங்குவது. எங்கள் கையில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு 'நீ பூஜ்யம், முதலிலிருந்து வா' என்று சொல்வது பாடமே இல்லை.

புத்தகத்தில் இருக்கும் விலைப்பட்டியலும் இல்லாத அத்தியாயமும்

எல்லாக் கையேட்டிலும் போர்தோவின் 1855 தரவரிசை வேதவாக்கு மாதிரி வரும். முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஐந்து தரம். மனப்பாடப் பகுதி. அந்த வரிசை எப்படி வந்தது? பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பட்டியல் கேட்டார்கள். ஒயின் தரகர்கள், அது நாள்வரை எந்தத் தோட்டத்தின் ஒயின் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கை வைத்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அதாவது அது ஒரு விலைப்பட்டியல். 1973இல் மூத்தோன் தோட்டத்தை முதல் தரத்துக்கு உயர்த்தியதைத் தவிர இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை. விலை உயர்ந்ததால் முதல் தரம், முதல் தரம் என்பதால் விலை உயர்வு. இந்தச் சுழலை விளக்கியிருந்தால் அருமையான பாடம். பட்டியலை மட்டும் உருப்போடச் சொன்னால் அது விற்பனைப் பிரதிநிதிக்குக் கொடுக்கும் பயிற்சி.

அதே மாதிரி, 'சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று அரைப் பக்கம் என் புத்தகத்தில் இருந்தது. 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி 'பிரெஞ்சு முரண்' என்று ஒன்றைக் காட்டியதிலிருந்து பிரபலமான சமாச்சாரம். ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பே, 1988இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவகைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் அதே நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. இதயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர்களுக்குப் புற்றுநோய்க்கு ஒரு வரி கிடைக்கவில்லை. ரொம்ப இடநெருக்கடி போல!

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் அப்படித்தான். பிஸ்கட் பாக்கெட்டில் கோதுமை மாவு முதல் உப்பு வரை பட்டியல் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒயினுக்கு அந்தக் கட்டாயம் வந்தது 2023 டிசம்பர் 8 முதல்தான், அதையும் க்யூஆர் குறியீட்டுக்குப் பின்னால் வைக்கலாம். சர்க்கரை சேர்க்கும் வழக்கம், அமிலம் சேர்க்கும் வழக்கம், முட்டை வெள்ளைக்கருவால் தெளிய வைப்பது, இதெல்லாம் ஒயின் தயாரிப்பில் சாதாரண விஷயங்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் 'ஈரக் கல்' வாசனைக்கு இடம் ஒதுக்கிய புத்தகம் இதற்கு ஒதுக்கவில்லையே?

மூன்று டம்ளர் போதும்

சும்மா திட்டிவிட்டுப் போகவில்லை, மாற்றும் சொல்கிறேன். ஒயின் தேவையே இல்லை. ஹாஸ்டலில் செய்யலாம்.

இரண்டு கம்பெனி டீத்தூள். பால் இல்லாமல், ஒரே அளவில், ஒரே நேரம் கொதிக்க வைத்து இறக்குங்கள். மூன்று டம்ளர். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது எதில் என்பது ஊற்றியவனுக்கு மட்டும் தெரியும், அவனும் வெளியே போய்விட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு வேறாக இருக்கும் டம்ளரைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக வரும். அதனால் ஆறு தடவை செய்யுங்கள். ஆறில் ஐந்தாவது சரியாக வந்தால் நம்பலாம், வெறும் அதிர்ஷ்டத்தில் அது வர வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. உணவு ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் இது.

வித்தியாசம் தெரிகிறது என்று உறுதியான பிறகு, என்ன வித்தியாசம் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். 'அப்பா கடை பழைய மூட்டை' என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். மறுநாள் அந்தக் குறிப்பை வைத்து டம்ளரைக் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அது நல்ல வார்த்தை. முடியாவிட்டால், அது எவ்வளவு அழகான வார்த்தையாக இருந்தாலும் குப்பை. இந்த ஒரு பரீட்சையை வைத்தால் ஒயின் கையேட்டின் வார்த்தைகளில் எத்தனை தேறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் அண்ணன் ஊருக்கு வந்திருந்தான். மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால் அவனிடம் பெங்களூர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னது சும்மாடா அண்ணா. எனக்கு நாவல்பழம் மாதிரி துவர்க்குதுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. பிளாக்கரன்ட்டை நான் பார்த்ததே இல்லை."

அவன் சிரித்தான். "நான் மட்டும் பார்த்தேனா? நீ அவ்ளோ தைரியமா சொன்னியா, சரி படிச்ச பையன், உனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் கரெக்ட்னேன்."

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். நாவல்பழம் ஆடி மாதம் தள்ளுவண்டியில் கிடைக்கும், உப்புத் தூவித் தருவார்கள்.